கட்டை வைத்த பெடல்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு அவர் அத்தான்; அவள் தங்கையான நானும் அவர்களோடுதான் இருக்கிறேன். கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் ‘ஃப்யூஸ்’. லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன் மாடியில் இருக்கும் மெஷின் அறைக்குப் போய் ஃப்யூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று யாராவது கேட்டால், “சுவிட்சை யார் வேணும்னாலும் போடலாம். என் பைக்குள்ள கை விடுறதுக்கு எவனுக்கும் துணிச்சல் வராது” என்பார். பையில் இருப்பது பையில் இருக்கும்வரை மேலே தொங்கும் பெட்டி அசையாது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவர் இத்தனை வருஷம் இருட்டுக் குழிகளுக்குள் இறங்கி ஏறி வந்தார்.

வீட்டில் கல்லுளிமங்கன். கேட்டதற்கு ‘ம்’, கேட்காததற்கு அதுவும் இல்லை. ஆனால் யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் ஆளே வேறு. ஒருமுறை என் கண்ணாலேயே பார்த்தேன். நான் பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தேன். அந்தக் கட்டடத்து லிஃப்டுக்குள் ஒரு அம்மாள் மாட்டிக்கொண்டு அலறினார். அத்தான் வந்தார். மூடிய கதவில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, குனிந்து, வாயை இடுக்கில் வைத்து, “பயப்படாதீங்க. வெளியே ஆள் இருக்கேன். கதவை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார். பிறகு பெட்டியைத் தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கும்வரை பேச்சை நிறுத்தவே இல்லை. எந்தப் பல் வலிக்கிறது, எத்தனை பிள்ளைகள், என்ன சமையல் என்று ஒரே விசாரிப்பு. இதை நான் வீட்டில் வந்து சொன்னபோது அக்கா, “அப்படியா? அப்ப இவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்னா நானும் லிஃப்டுலதான் மாட்டிக்கணும்போல” என்றாள்.

அவர்களுக்கு ஒரே பெண். நாங்கள் வாண்டு என்று கூப்பிடுவோம். அப்போது மூன்றாம் வகுப்பு. பிடித்தால் குரங்குப்பிடி, அழுதால் தெரு கூடும். செருப்பைக் கழற்றினால் ஒன்று வாசலில் கிடக்கும், இன்னொன்று அடுத்த வீட்டில் கிடக்கும்.

மூடிப்போன ஒரு பழைய தங்கும் விடுதியில் லிஃப்டைக் கழற்றி எடுக்கும் வேலை அத்தானுக்கு வந்தது. பள்ளி விடுமுறை. வீட்டில் வாண்டு பண்ணும் ரகளை தாங்காமல், “இன்னிக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்” என்று அக்கா தள்ளிவிட்டாள். மதியம்வரை அவள் விடுதிக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தாளாம். அப்புறம் ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், விடுதிக்குப் பின்னால் காடாகக் கிடந்த தோட்டத்து மூலையில் கருவிகள் வைக்கும் கொட்டகை. அதன் வாசலில் விடுதிக் காவலாளி நின்றுகொண்டிருந்தார்.

“பாப்பா உள்ளே இருக்கு சார். கூப்பிட்டா வரமாட்டேங்குது.”

உள்ளே, சருகும் ஒட்டடையும் மூடிய ஒரு குட்டி டிராக்டர் மேல் வாண்டு உட்கார்ந்திருந்தாள். புல் வெட்டவும் உரம் இழுக்கவும் தோட்டக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி வண்டி. சக்கரத்தின் இடுக்கில் ஏதோ மரத்தின் வேர் நுழைந்து மறுபக்கம் வந்திருந்தது. வாண்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு இரண்டும் கீழே, ஜோடியாக, ஒட்டி வைத்தபடி இருந்தன. அத்தான் முதலில் கவனித்தது அதைத்தான் என்று பிற்பாடு சொன்னார்.

“அப்பா, இது எனக்கு வேணும்.”

“இது ஓடாதும்மா.”

“நீங்க ஓட வைப்பீங்கல்ல?”

காவலாளி தலையைச் சொறிந்தார். “எடுத்துட்டுப் போங்க சார். கொட்டகையை எப்படியும் இடிக்கத்தான் போறாங்க. ஆனா ஓடாது. கடைசித் தோட்டக்காரர் இருந்தப்பவே நின்னுபோச்சு.”

அக்காவிடம் சொல்லாமல் ஒரு லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். வேரை ரம்பத்தால் அறுத்துத்தான் சக்கரத்தை விடுவிக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மதில் சூழ்ந்த ஒரு காலி மனை உண்டு. ஒரு ஓரத்தில் தகரக் கொட்டகை, எதிர் ஓரத்தில் பக்கத்துத் தெருவுக்குத் திறக்கும் இரும்பு கேட். அங்கே அதை இறக்கியபோது அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

“வேலியில போற ஓணானை மடியில கட்டிக்கிட்ட கதைதான். இதுல எலி, பாம்பு எது குடியிருக்குன்னு பாத்தீங்களா?”

எலி இருந்தது. காற்று வடிகட்டிக்குள் பஞ்சும் காகிதமும் வைத்துக் கூடு கட்டியிருந்தது. பிஸ்டன் துருவேறி இறுகிக் கிடந்தது. அத்தான் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்தார். தினமும் வேலையிலிருந்து வந்ததும் எஞ்சினின் சுழல் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்ப்பார், அசையாது, மறுபடி ஊற்றுவார். ஒரு மாலை அது ‘க்ர்ர்’ என்று ஒரு முனகலோடு சுற்றியது. பெட்ரோல் டாங்கிக்குள் கைநிறைய பழைய நட்டுகளைப் போட்டு, நானும் அவரும் மாற்றி மாற்றிக் குலுக்கித் துருவைக் கழற்றினோம். எனக்கு இரண்டு நாள் தோள்வலி. கார்பரேட்டரின் நுண்துளைகளை ஒற்றைக் கம்பியால் குத்தி எடுத்தார். பெல்ட், டயர், பிரேக் வயர் எல்லாம் புதிது. சீட்டுக்கு அக்கா பச்சை ரெக்சினில் உறை தைத்தாள். திட்டிக்கொண்டேதான் தைத்தாள், ஆனால் தையல் அச்சடித்த மாதிரி இருந்தது.

குழந்தை ஓட்டப்போகிற வண்டி. ஆகவே வேகத்துக்கு ஒரு திருகு வைத்து, மனிதன் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாமல் கட்டினார். வாண்டின் மணிக்கட்டில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை ஒரு சுவிட்சில். அவள் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். ஸ்டார்ட் செய்வதற்கு எஞ்சினின் முன்பக்கத்துச் சுழல் சக்கரத்தில் கயிறு சுற்றி இழுக்க வேண்டும். பெரியவர்கள் கை இல்லாமல் அது நடக்காது. இது போதாதென்று, ஓட்டாத நேரமெல்லாம், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் அந்தப் பிளக்கைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கடைசியாக மிஞ்சியது பெடல். வாண்டின் கால் எட்டவில்லை. அவளை உட்காரவைத்து, பாதத்துக்கும் பெடலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேல் வைத்து அளந்தார். அந்த உயரத்துக்கு இரண்டு மரக்கட்டை செதுக்கினார். கட்டையில் திருகாணிக்குத் துளை போட்டாயிற்று, பெடலிலும் வேண்டும். எங்கே துளைக்கலாம் என்று குறிப்பதற்காகப் பெடலில் அப்பியிருந்த பழைய பெயின்டைச் சுரண்டினார். சுரண்டியவர் நிறுத்திவிட்டார்.

“இங்க வா” என்று என்னைக் கூப்பிட்டார்.

இரண்டு பெடலிலும் துளைகள் ஏற்கெனவே இருந்தன. ஈயம் வைத்து அடைத்து மேலே பெயின்ட் பூசியிருந்தது. தன் கட்டையில் போட்டிருந்த துளைகளைப் பெடல் மேல் பொருத்திக் காட்டினார். நாலும் நாலோடு சேர்ந்தது. முடி நுழைய இடமில்லை.

“முன்னாடியும் ஏதோ குழந்தை ஓட்டியிருக்கும் அத்தான்” என்றேன்.

“ஓட்டியிருக்கலாம். கட்டையில நான் எங்க துளை போடுவேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

அப்புறம் அவரே சிரித்தார். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று சொல்லிவிட்டு ஈயத்தைத் தட்டி எடுத்துத் திருகாணியை ஏற்றினார்.

முதல் நாள் வாண்டு ஓட்டியதைத் தெருவே மதிலில் தொற்றிக்கொண்டு பார்த்தது. அழுத்து என்றால் அழுத்தினாள், விடு என்றால் விட்டாள். மனையைச் சுற்றி வந்து, ஓரத்தில் நிறுத்தி, வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்த்து, மறுபடி கிளப்ப வேண்டும் என்று அத்தான் பழக்கினார். ஒருமுறை சொன்னது போதுமாயிருந்தது. சொல்லாததையும் செய்தாள் என்பதுதான் எனக்கு உறுத்தியது. மேட்டில் ஏறும்போது உடம்பை முன்னால் சாய்த்தாள். எஞ்சின் திணறினால் காதைச் சாய்த்துக் கேட்டு, சோக்கை விரலால் மெதுவாகத் தட்டினாள். பழக்கப்பட்ட ஆளின் கை மாதிரி இருந்தது. செருப்பு மட்டும் போடமாட்டாள். எவ்வளவு அதட்டினாலும் வெறுங்காலோடுதான் ஏறுவாள். கீழே செருப்பு ஜோடியாக இருக்கும்.

பிறகு சீட்டின் சூடு. காலையில் துணி காயப்போடப் போகும்போது கொட்டகைக்குள் விளக்குமாறு எடுக்கக் குனிந்தேன். கை தவறுதலாகச் சீட்டில் பட்டது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இளஞ்சூடு. தகரக் கூரைச் சூடு என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு மழை மூட்டம். பக்கத்தில் ஸ்டியரிங்கைத் தொட்டேன், சில்லிட்டது. பானட்டைத் தொட்டேன், அதுவும் அப்படித்தான். சீட்டில் மட்டும், அதுவும் நடுவில், ஒரு குழந்தை உட்கார்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடத்தில் மட்டும் சூடு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா அன்றைக்கே பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டிருப்பாள். வாண்டு அழுது வீட்டை இரண்டாக்கியிருப்பாள்.

அடுத்த வாரத்தில் ஒரு மதியம். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே எஞ்சின் சத்தம். எட்டிப் பார்த்தேன். வாண்டு வழக்கம்போல மனையைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டில் கயிறு இல்லை. அத்தான் எங்கே என்று பார்த்தேன். பின்வாசலில், சாப்பிட்ட எச்சில் கையோடு நின்றுகொண்டிருந்தார். இடது கையை மெல்லச் சட்டைப்பைக்குள் விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

பிளக்.

நான் துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். அதற்குள் அத்தான் ஓடிப் போய் வாண்டை வாரித் தூக்கியிருந்தார். தூக்கிய நொடியில் எஞ்சின் நின்றது.

“யாரும்மா ஸ்டார்ட் பண்ணினாங்க?”

வாண்டு விழித்தாள். “நீங்கதானே அப்பா கயிறு இழுத்தீங்க? பின்னாடி கூட கை வச்சுத் தள்ளினீங்களே.”

அத்தான் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு பிளக் இருக்க வேண்டிய துளைக்குள் விரல் விட்டுப் பார்த்தார். வெறும் ஓட்டை. எண்ணெய்ப் பிசுக்கு பச்சைத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்தது. இவ்வளவு நேரம் ஓடிய எஞ்சின், தொட்டால் கை சுட வேண்டும். அப்போது அதற்குள்ளிருந்து ‘டொக், டொக்’ என்று சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ‘டொக்’. ஓடி நின்ற எஞ்சினில் இரும்பு ஆறும்போது வரும் சத்தம்தான் அது. ஆனால் ஆறுவதற்கு இங்கே சூடு எங்கே?

அன்று முதல் வாண்டுக்கு டிராக்டர் தடை. கொட்டகைக்குப் பூட்டு. கட்டைகளைக் கழற்றிவிடலாம் என்று அத்தான் திருப்புளியோடு போனார். திருகாணி அசையவில்லை. அவர் கையாலேயே, எண்ணெய் தடவி, இரண்டு வாரம் முன்னால் ஏற்றிய திருகாணி அது.

விடுதிக் காவலாளியைப் பிடித்து விசாரித்தார். கடைசித் தோட்டக்காரர் இறந்துவிட்டார், மகள் இருக்கிறாள், பள்ளிச் சீருடை தைக்கிறாள் என்று காவலாளி வழி சொன்னார். “நீயும் வா. அந்தம்மா தனியா இருக்குமாம். நான் மட்டும் போய் நின்னா நல்லா இருக்காது” என்று அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்: தோட்டக்காரருக்கு இன்னொரு பெண் இருந்து செத்துப்போயிருக்கும், அதைத்தான் கேட்கப்போகிறோம். அப்படி ஒன்றும் இல்லை. ஒரே மகள், அவர்தான். ஐம்பதை நெருங்கியவர். ஊதா நிறச் சீருடைத் துணிகள் மலையாகக் குவிந்த அறையில், கழுத்தில் அளவு நாடாவோடு தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்தார். டிராக்டர் என்றதும் மிதிப்பதை நிறுத்தினார்.

“ஓடுதா?”

“ஓடுதுங்க.”

“எத்தனாவது படிக்குது பாப்பா?”

“மூணாவது.”

“வெறுங்கால்ல விடாதீங்க. செருப்புப் போட்டுக்கிட்டு ஓட்டச் சொல்லுங்க.”

ஏன் என்று நாங்கள் கேட்கும் முன்பே அவரே தொடர்ந்தார். “கட்டை மேல கால் வச்சா மரம் மாதிரி இருக்காது. யாரோட பாதத்து மேலயோ என் பாதத்தை வச்சுக்கிட்ட மாதிரி, மெத்துனு, வெதுவெதுன்னு இருக்கும். சின்ன வயசுல எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.”

“அந்தத் துளை உங்க அப்பா போட்டதுங்களா?”

“இல்லீங்க. அவர் பெயின்டைச் சுரண்டினப்பவே இருந்துச்சு. அளவெடுக்கிறதுதான் என் தொழில். இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளை அளவு இன்னொரு பிள்ளைக்கு அப்படியே பொருந்தி நான் பார்த்ததில்ல. அது எனக்கும் பொருந்துச்சு. இப்ப உங்க பிள்ளைக்கும்.” நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். “கட்டை இல்லாம என் கால் எட்டின அன்னிக்கு அது நின்னுபோச்சு. அப்பா என்னென்னமோ பண்ணிப் பார்த்தார். ஓடலை. அதுவரைக்கும் என்னை ஒரு கீறல்கூடக் கீறினதில்ல. கேட் விஷயத்துல மட்டும் கவனமா இருங்க.”

“எந்த கேட்?”

“எந்த கேட்டா இருந்தாலும். ஒருநாள் அதுவா கேட் பக்கம் போய் நிக்கும். உறுமும், முட்டும். திறக்காதீங்க. எங்க அப்பாவுக்கு முன்னாடி இருந்த தோட்டக்காரர் வேலையை ஒப்படைச்சப்ப சொன்ன ஒரே வார்த்தை அதுதான். நாங்க திறக்கலை.”

“திறந்தா என்ன ஆகும்?”

“யாரு திறந்து பார்த்தாங்க?” என்றார் அவர். நாடாவை மடித்து வைத்துவிட்டு, “எஞ்சின் நின்ன பிறகு தட்டுற சத்தம் கேக்குமே, இப்பவும் கேக்குதா?” என்று கேட்டார்.

“கேக்குதுங்க.”

அவர் தலை குனிந்து ஊசியில் நூல் கோர்க்க ஆரம்பித்தார். நூல் நுழையவே இல்லை. நாங்கள் விடைபெற்றுக்கொண்டோம்.

பேருந்தில் அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். திடீரென்று, “லிஃப்டுல மாட்டினவங்க எப்படித் தட்டுவாங்க தெரியுமா உனக்கு?” என்று கேட்டார். அவராகப் பேச்செடுப்பது அபூர்வம்.

“எப்படி?”

“முதல்ல கையை மடக்கி டமடமன்னு அடிப்பாங்க. நேரம் ஆக ஆக கை ஓஞ்சிடும். அப்புறம் ஒரு விரல் முட்டியால தட்டுவாங்க. ரெண்டு தட்டு. நிறுத்துவாங்க. வெளியே ஏதாவது சத்தம் வருதான்னு காது கொடுத்துக் கேப்பாங்க. கேட்டுட்டு மறுபடி ஒரு தட்டு.” முன்சீட்டின் கம்பியில் தட்டிக் காட்டினார். டொக், டொக். நிறுத்தம். டொக். “ரொம்ப நேரமா உள்ளே இருக்கிறவங்க தட்டுற தட்டு அது.”



அந்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு, அக்கா சமையலறையிலிருந்து கத்தினாள். நான் மாடிப்படியில் பாதியில் இருந்தேன். மனையில் எஞ்சின் சத்தம். கொட்டகைப் பூட்டு பூட்டியபடியே தொங்கியது, கதவு திறந்திருந்தது. நாதாங்கி தகரத்தோடு பிய்ந்து வந்திருந்தது. டிராக்டர் மனையின் எதிர் ஓரத்தில் இரும்பு கேட்டில் மூக்கை வைத்து முட்டிக்கொண்டிருந்தது. மேலே வாண்டு.

அத்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். “இறங்கும்மா” என்றார்.

“இறங்க முடியல அப்பா. கால் வரமாட்டேங்குது.”

அவள் அழவில்லை. அத்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். அவள் பாதங்கள் சேற்றிலிருந்து வருவது போல் மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டையைவிட்டு வந்தன. அக்கா பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். சென்ற முறை மாதிரி எஞ்சின் நிற்கும் என்று நான் எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. ஆள் இல்லாத வண்டி கேட்டை முட்டியது, தளர்ந்தது, மறுபடி முட்டியது. கேட்டின் கீல்கள் ‘கீச் கீச்’ என்று ஆடின.

அத்தான் பையைத் தொட்டுப் பார்த்தார். பிளக் அங்கேதான் இருந்தது. தாழ்ப்பாளைப் பார்த்தார்.

“ஐயோ, திறக்காதீங்க!” என்றாள் அக்கா. “அந்தம்மா என்ன சொல்லுச்சுன்னு இவ சொன்னா. திறக்காதீங்க, சொல்லிட்டேன்.”

“வேண்டாம் அத்தான்” என்று நானும் சொன்னேன்.

அவர் டிராக்டருக்குப் பக்கத்தில் போனார். பானட்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். குனிந்தார்.

“பயப்படாதீங்க. வெளியே ஆள் இருக்கேன்.”

எஞ்சின் சத்தம் தணிந்தது. அணையவில்லை, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரித் தணிந்தது. அந்த கேட் உட்பக்கமாகத் திறக்கும். வண்டி ஒட்டி நின்றால் திறக்க வழியில்லை.

“கதவை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

டிராக்டர் பின்னால் வந்தது. ரிவர்ஸ் கியர் விழவில்லை. கியர் கம்பி என் கண்ணெதிரே நேராக நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் அது ஒரு கஜம் போலப் பின்வாங்கி நின்றது. அக்கா குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். அத்தான் தாழை நீக்கிக் கேட்டை உள்ளே இழுத்து, தானும் அதனோடு சேர்ந்து மதிலோரம் ஒதுங்கி நின்றார்.

அது அவரைத் தாண்டிப் போனது. தெரு ஓரம் வந்ததும் நின்றது. ஸ்டியரிங் கொஞ்சம் வலது பக்கம் திரும்பியது, கொஞ்சம் இடது பக்கம் திரும்பியது. பிறகு இடது பக்கம் வளைந்து, மனிதன் நடக்கிற வேகத்தில், வெயிலில் போனது. பச்சை சீட்டின் நடுவில் ரெக்சின் அமுங்கிக் குழிந்திருந்ததை நான் பார்த்தேன். வேறொன்றும் பார்க்கவில்லை.

அத்தான் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்தார். அது முக்குத் திரும்பியதும் அவரும் திரும்பினார். தெரு காலியாக இருந்தது என்றார். சத்தம் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்ததாம். நானும் அவரும் அன்று மாலைவரை விசாரித்துக்கொண்டே போனோம். முக்கிலிருந்த சைக்கிள் கடைக்காரர் சத்தம் கேட்டேன், வண்டியைப் பார்க்கவில்லை என்றார். அடுத்த தெருவில் வாசல் கழுவிக்கொண்டிருந்த பெண்ணும் அதையே சொன்னார். பாலத்தருகே மீன் பிடித்துக்கொண்டிருந்தவர், “குட்டி மோட்டார் சத்தம் ஒண்ணு பாலத்து மேல போச்சு. திரும்பிப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல” என்றார். பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்டவர்கள் யாரும் இல்லை. எங்கள் மனையின் மண்ணில் டயர்த் தடம் இருந்தது. தார்ச்சாலை ஏறிய இடத்தோடு சரி.

அக்கம்பக்கத்தில் விற்றுவிட்டோம் என்று சொன்னோம். வாண்டு அன்று பகல் முழுக்கத் தூங்கினாள். எழுந்ததும் பசிக்கிறது என்றாள். டிராக்டர் எங்கே என்று கேட்டு ரகளை பண்ணுவாள் என்று காத்திருந்தோம். கேட்கவே இல்லை. மறுநாள் செருப்பைக் கழற்றி ஒன்றை வாசலிலும் ஒன்றைக் கட்டிலுக்கு அடியிலும் விட்டாள். அக்கா அதைப் பார்த்து, திட்டாமல், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

தையல்காரம்மாவிடம் சொல்லவேண்டும் என்று அத்தான் பிடிவாதமாக என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தம்மா முழுவதும் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“தனியாத்தான் போச்சா?” என்றார்.

“தனியாத்தான் போச்சுங்க.”

“அந்தப் பக்கம் பார்த்து, இந்தப் பக்கம் பார்த்துப் போச்சா?”

“ஆமாங்க.”

“அது நான் கத்துக்கொடுத்தது இல்ல” என்றார் அவர்.

“எங்க பொண்ணுக்கு நான் சொல்லிக்கொடுத்தது” என்றார் அத்தான்.

அதற்கப்புறம் அத்தானிடம் ஒரு மாற்றம். குழிக்குள் இறங்கும்போது ஃப்யூஸைப் பையில் போடுவது போதவில்லை. மேலே ஒரு ஆள் நின்றே ஆகவேண்டும், அவர் அவ்வப்போது குரல் கொடுக்கவேண்டும் என்று கேட்டார். ஃப்யூஸே ஃப்யூஸாகிவிட்டது என்று கம்பெனியில் கேலி பேசினார்கள். கொஞ்ச நாளில் அவரைப் புகார் எடுக்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். போனில் யாராவது மாட்டிக்கொண்டதாகச் சொன்னால் போதும், ஆள் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டே இருப்பார். அந்த வேலையில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

பல மாதம் கழித்து ஒருநாள், அக்கா இல்லாத சமயம் பார்த்துக் கேட்டேன். “திறந்தது சரிதானா அத்தான்?”

சோப்புப் பொடி போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“எத்தனையோ கதவு திறந்திருக்கேன். திறந்தா ஒரு முகம் இருக்கும். அழுதுகிட்டோ திட்டிக்கிட்டோ வெளியே வரும். அந்த முகத்தைப் பார்த்தா மனசு ஆறிடும்.” குழாயை மூடினார். “அன்னிக்கு யாரை வெளியே விட்டேன்னு நான் பார்க்கலையே.”

துண்டில் கையைத் துடைத்தார், விரல் விரலாக. பிறகு வாண்டைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் பள்ளி அருகில்தான், டிராக்டர் போன வழியும் அதுதான். அவர் வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்.